ஜமாலிடம் கொடுத்த கார்

ஜூலை 2, புதன்

கடும் வெயில். பாமாயில் மில் வாசலில் லோரிகள் கிளப்பும் புழுதி கேன்டீன் வரை. செம்பனைக் குலை வரத்து குறைவு. சீக்கிரம் விட்டுவிட்டார்கள்.

வேலை முடிந்து நேராகக் கிள்ளான். ஜமால் தன் வேனில் முன்னாலேயே வந்து நின்றிருந்தான். ஜெராமில் இருக்கும் சாப்பாட்டுக் கடையை சபீராவிடம் விட்டுவிட்டு வந்தானாம். அவளுக்கு மதிய வியாபாரம் தனியாகச் சமாளிக்கத் தெரியும், காலை ரொட்டிக்குத்தான் புருஷன் வேண்டும்.

பொட்டோங் கடை. ஜப்பான் கார்களைப் பாதியாக வெட்டி, முன்பக்கத்தை மட்டும் கொண்டுவந்து குவித்திருக்கிறார்கள். அதில் ஒன்றிலிருந்து டர்போ கிடைத்தது. தவுக்கே, கடை முதலாளி, விரலால் சுழற்றிக் காட்டினார். ஆட்டம் இல்லை. இன்டர்கூலரும் வாங்கியாயிற்று. டர்போ தள்ளுகிற சூட்டுக் காற்றை ஆற வைக்கிற ரேடியேட்டர் மாதிரி ஒன்று. ஒரு மூலை நசுங்கியது, அதனால் மலிவு. பேரம் முழுக்க ஜமால்தான். நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன்.

செக்கண்டரி ஸ்கூல் காலத்துப் பேச்சு இது, எனக்கும் ஜமாலுக்கும். கோல சிலாங்கூர் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு, போகிற வருகிற கார்களுக்கெல்லாம் வாயாலேயே டர்போ வைப்போம். இப்போது எனக்கு நாற்பத்து மூன்று. அவனுக்கும்தான். என்னுடைய வெள்ளைக் கார் டர்போ இல்லாமல் பிறந்த 1.6. ஏற்றத்தில் இழுக்காது.

வீட்டில் மனைவி ஜெயா என்ன மூட்டை என்று கேட்டாள். பழைய ரேடியேட்டர் என்றேன்.

பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டும்.

ஜூலை 4, வெள்ளி

காலையில் தூறல், பிறகு புழுக்கம். அரை நாள் லீவு.

வெல்டிங் நாள். மில்லில் கழித்துப் போட்ட ஸ்டீம் குழாய் வளைவுகளை ஃபோர்மேனிடம் சொல்லிவிட்டு எடுத்து வந்திருந்தேன். அதை வெட்டி ஒட்டி எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட், எஞ்சின் புகையை டர்போவுக்குக் கொண்டுபோகும் குழாய். அழகில்லை. ஆனால் ஒழுகாது. பதினெட்டு வயதிலிருந்து ஃபிட்டர் வேலை, இது கூட வராவிட்டால் எப்படி.

ஜமால் தொழுகை முடிந்து அப்படியே வந்தான், தொப்பியைப் பாக்கெட்டில் திணித்துக்கொண்டு. கைலியை மடித்துக் கட்டி காருக்கு அடியில் படுத்துவிட்டான். எதையும் இரண்டு முறை பார்ப்பான். ஒவ்வொரு போல்ட்டையும் முறுக்கிவிட்டு வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு. மாவு பிசைகிறவனின் பொறுமை. எனக்கு அது கிடையாது.

காற்றழுத்தம் குறைவாகவே வைப்பது என்று முடிவு. இந்த எஞ்சின் அதிகம் தாங்காது. பிளக் மாற்றியாயிற்று. பெட்ரோல் பம்ப் பெரியது போட்டாயிற்று.

மிச்சம் ஒன்றே ஒன்று. டர்போவுக்கு எஞ்சின் ஆயில் கொண்டுபோகும் குழாய். சூட்டில் கன்றிச் சிவக்கிற மேனிஃபோல்டுக்குப் பக்கத்திலேயே அது போக வேண்டும். ஸ்டீல் பின்னல் போட்ட குழாய்தான் தாங்கும். ஜமால் ஆர்டர் கொடுத்திருக்கிறான், செவ்வாய்க்கிழமை வருமாம். கிளம்பும்போது சொன்னான்:

"அது வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாத. ரப்பர் கிப்பர் மாட்டி வெளையாடாத லா."

சிரித்தேன். என்னை நன்றாகத் தெரியும் அவனுக்கு.

ஜூலை 5, சனி

நாளை பத்தாங் காலியில் ஜெயாவின் தங்கை மகளுக்குக் காதுகுத்து. மச்சான் ரகுவும் வருகிறார். ஜெயாவின் அண்ணன். புதுக் கார், கம்பெனியிலேயே டர்போ வைத்தது. காலையில் நம் வீட்டுக்கு வந்து பசியாறிவிட்டு, இரண்டு காரும் ஒன்றாகப் போவதாக ஏற்பாடு.

போன தீபாவளிக்கு அவர் என் காரின் கூரையைத் தட்டிவிட்டு, "இன்னும் ஓடுதா இது?" என்றது ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருக்கு மறந்தே போயிருக்கும்.

மத்தியானம் ரப்பர் ஹோஸ் ஒன்றை வெட்டி, இரண்டு பக்கமும் கிளிப் போட்டு இறுக்கி, மேலே சூடு தாங்கும் துணியைச் சுற்றிவிட்டேன். நாளை ஒரு நாளைக்கு மட்டும். மில்லில் வேறு எவனாவது ஆயில் லைனுக்கு இப்படிச் செய்திருந்தால் அங்கேயே நிறுத்திக் கழற்றச் சொல்லியிருப்பேன்.

ஸ்டார்ட் ஆயிற்று. எங்கள் தாமான் வீடுகளைச் சுற்றி இரண்டு வட்டம். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் மெலிதாக ஒரு விசில். பிறகு முதுகு சீட்டில் ஒட்டுகிறது. தனியாகவே சிரித்துக்கொண்டு ஓட்டினேன்.

ஜமாலிடம் சொல்லவில்லை. சொன்னால் வேனை எடுத்துக்கொண்டு வந்து கழற்றுவான்.

ஜூலை 6, ஞாயிறு

நல்ல நாள். எழுதி வைக்க வேண்டும்.

ரவாங் தாண்டி பத்தாங் காலி போகிற ஏற்றத்தில் மச்சானை முந்தினேன். முன்னால் ஒரு செம்பனை லோரி. அவர் யோசித்துக்கொண்டிருந்தார், நான் போய்விட்டேன். கண்ணாடியில் அவர் கார் சின்னதாகிக்கொண்டே போனது. ஜெயா இரண்டு கையாலும் டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு, இறக்கி விடுங்க, பஸ்ஸில் வருகிறேன் என்றாள். பிறகு அவளும் சிரித்துவிட்டாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து ரொம்ப நாள்.

மண்டபத்தில் மச்சான் எல்லோரிடமும் இதையே சொன்னார். பந்தியில் நான்கு பேர் என்னைச் சுற்றி. குழந்தையின் காதை விட என் காருக்குத்தான் மதிப்பு. வாழைக்காய் பிரட்டல் நன்றாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் பானெட்டைத் திறந்து ஹோஸைத் தடவிப் பார்த்தேன். காய்ந்திருந்தது. துளி ஈரம் இல்லை.

ஜூலை 8, செவ்வாய்

மழை வரும்போல் இருட்டிவிட்டு வரவில்லை.

மில்லில் பாய்லர் நிறுத்தம். வருடாந்திரப் பரிசோதனை. வாரம் முழுக்க ஓ.டி.

வீட்டுக்கு வந்தபோது ஜமால் கேட்டில் நின்றிருந்தான். ஸ்டீல் குழாயைக் கையோடு கொண்டுவந்திருக்கிறான். நல்ல சாமான், பளபளவென்று. உட்காரவில்லை, மாவு ஊற வைக்கப் போக வேண்டுமாம். இன்றே போட்டுவிடலாமா, தான் வேண்டுமானால் ராத்திரி வரட்டுமா என்று கேட்டான். வேண்டாம், பத்து நிமிட வேலை, நானே போட்டுக்கொள்கிறேன் என்றேன்.

கை தூக்க முடியவில்லை. படுத்துவிட்டேன். குழாய் பையோடு ஹாலில்.

ஜூலை 10, வியாழன்

ஓ.டி. பாய்லருக்குள் குனிந்து குனிந்து இடுப்பு போய்விட்டது. குளியலறைக் குழாய் சொட்டுகிறது, ஜெயா இரண்டு முறை சொல்லிவிட்டாள். பையை அலமாரிக்குள் வைத்துவிட்டாளாம்.

ஜமால் போன் செய்தான். பைப்பு போட்டாச்சா என்று கேட்டான். போட்டுட்டேன் லா என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் தெரியவில்லை. இல்லை என்றால் ரப்பர் மாட்டிப் பத்தாங் காலி போனதையும் சேர்த்துச் சொல்ல வேண்டிவரும். ஞாயிற்றுக்கிழமை போட்டுவிடுவேன். அப்போது சொன்னது உண்மையாகிவிடும்.

ஜூலை 12, சனி

எழுத உட்கார்ந்து நெடுநேரம் ஆகிறது.

காலையில் மில்லுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். ஜமால் யாருடைய பைக்கிலோ வந்து இறங்கினான். வேன் கிளட்ச் போய்விட்டது. சுங்கை செம்பிலாங்கில் மீன் சொல்லி வைத்திருக்கிறான், எடுக்காவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். காடி வேணும் டா என்றான், என் காரைக் காட்டி. சாவியைக் கொடுத்தேன். நான் மில்லுக்கு பைக்கில் போய்க்கொள்கிறேன் என்றேன்.

சாவி அவன் கைக்குப் போன பிறகும் ஒரு நிமிடம் நின்றுகொண்டிருந்தோம். சொல்ல நேரம் இருந்தது. பக்கத்து ஊர்தானே, பத்தாங் காலியே போய் வந்தாயிற்று என்று நினைத்தேன். அவன் சின்னப் பையன் மாதிரி சிரித்துக்கொண்டு ஏறினான். முதல் தடவை ஓட்டப்போகிறான் அல்லவா.

"மிதிக்கலாமா?" என்று கேட்டான்.

"கொஞ்சமா மிதி," என்றேன்.

மீனை ஏற்றிக்கொண்டு திரும்பி வரும்போது, ஜெராம் வருவதற்கு முன்னால், பானெட்டிலிருந்து புகை. நிறுத்தித் திறந்திருக்கிறான். ஹோஸ் பிளந்து ஆயில் மேனிஃபோல்ட் மேல் கொட்டிக்கொண்டிருந்திருக்க வேண்டும். திறந்ததும் குப்பென்று பிடித்துக்கொண்டது. விட்டுவிட்டு ஓடவில்லை. மீன் மூடியிருந்த ஈரச் சாக்கை எடுத்து அடித்திருக்கிறான். சாக்கில் ஆயில் ஏறி, சட்டைக் கையில் பிடித்து.

பின்னால் வந்த லோரிக்காரர் தன்னிடம் இருந்த தீயணைப்பானை அடித்து அணைத்தார். வலது கை, முழங்கை வரை. யாரோ மீன் பெட்டி ஐஸை அள்ளிக் கையில் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். அதுவும் தவறு என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம்.

மில்லுக்கு போன் வந்தது. சபீரா. அழவில்லை. "அண்ணே, அவருக்குக் கை போச்சு," என்று மட்டும்.

ஜூலை 13, ஞாயிறு

கிள்ளான் ஆஸ்பத்திரி. நானும் ஜெயாவும் போனோம்.

கையைத் தலைக்கு மேலே தூக்கிக் கட்டி வைத்திருக்கிறார்கள். விரல் நுனி மட்டும் வெளியே தெரிகிறது. தொடையிலிருந்து தோலை எடுத்துக் கையில் ஒட்டப்போகிறார்களாம். விரல்கள் பழையபடி மடங்குமா என்று இப்போது சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

ரொட்டி போடுகிற கை. கல்லின் முன்னால் நின்று மாவை வீசி, காற்றில் விரித்து, மேசையில் அறைகிற கை. காலையில் ஜெராமில் பாதிப்பேர் அந்தச் சத்தத்தில்தான் பசியாறுவார்கள்.

வாயைத் திறப்பதற்குள் அவனே ஆரம்பித்துவிட்டான். என்னிடம் மன்னிப்புக் கேட்டான். ஆயில் குழாய்க்காக எஞ்சின் பிளாக்கில் மாட்டிய இணைப்பு மூட்டை அவன்தான் சரியாக முறுக்கவில்லையாம். அதிலிருந்துதான் ஆயில் ஒழுகியதாம். உன் காடியை எரிச்சிட்டேன் குணா என்றான். சபீரா பக்கத்தில் நின்று, விடுங்க, அண்ணன் ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க என்றாள்.

அந்த மூட்டில் அவன் போட்ட வெள்ளைக் கோட்டை நான் பார்த்திருக்கிறேன்.

தலையணையைச் சரிசெய்தேன். ஜெயா ஆரஞ்சு உரித்துக் கொடுத்தாள்.

ஜூலை 15, செவ்வாய்

காரை இழுத்துவந்து வீட்டு முன்னால் போட்டுவிட்டுப் போனார்கள். பானெட் பெயின்ட் கொப்பளித்து உரிந்திருக்கிறது. உள்ளே மீன் நாற்றம்.

ஹோஸ் உருகி, அடிப்பக்கமாகப் பிளந்து, நாக்கு மாதிரி தொங்குகிறது. ஜமால் மாட்டிய மூட்டு அசையவே இல்லை. ஸ்பேனர் வைத்துப் பார்த்தேன். இறுக்கம்.

ஹோஸைக் கழற்றினேன். குப்பையில் போடப் போனேன். பிறகு அது அங்கே கிடப்பதை நினைத்துத் திரும்ப எடுத்து வந்தேன். எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

ஜெயாவிடம் சொன்னேன். எல்லாவற்றையும். ஹோஸ், போனில் சொன்ன பொய், சாவி. அவள் காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. முடித்ததும் கேட்டாள்:

"என் அண்ணன முந்துறதுக்கா?"

ஆமாம் என்றேன். இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

ஜூலை 19, சனி

வருடாந்திர லீவு எடுத்துவிட்டேன். காலையில் ஜமால் கடைக்குப் போனேன், தே தாரே டீயை ஆற்ற, மேசை துடைக்க. எனக்கு வேறு என்ன தெரியும்.

ரொட்டிக்கல் ஆறிக் கிடக்கிறது. வருகிறவர்கள் முதலில் அதைத்தான் பார்க்கிறார்கள். ரொட்டி இல்லையா? ஜமால் பாங் எப்போ வருவாரு? சிலர் நாசி லெமாக் சோறு வாங்குகிறார்கள். சிலர் அப்படியே திரும்பிப் போய்விடுகிறார்கள். ஆள் போட்டுப் பார்த்தாளாம் சபீரா, வந்தவர் இரண்டு நாளில் நின்றுவிட்டார்.

மத்தியானம் தன் பிள்ளைக்கும் எனக்கும் சோறு போட்டு, மீன் தலையை என் தட்டில் வைத்தாள். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. மிச்சம் வைத்தால் கேட்பாள் என்று விழுங்கினேன்.

மழை. மேசை எல்லாம் சாரல்.

ஜூலை 26, சனி

ஜமால் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து இரண்டு நாள். கையில் இறுக்கமான உறை. உள்ளே தோல் சிவந்து சுருங்கியிருக்கிறது. கட்டைவிரலும் சுட்டுவிரலும் கொஞ்சம் அசைகின்றன. மற்ற மூன்றும் மரம்.

சபீரா மருந்துக்கடைக்குப் போயிருந்தாள். கடைக்குப் பின்னால் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் அரிசி மூட்டைகள். இனியும் முடியாது என்று ஆரம்பித்தேன். ஜமால், அன்னிக்கு அந்தக் குழாய்...

"தெரியும் லா," என்றான்.

பானெட்டைத் தூக்கியதுமே பார்த்தானாம். கறுப்பு ரப்பர், கிளிப். ஸ்டீல் குழாய் இல்லை. ஒரு வினாடி போதும், பார்த்துவிட்டேன் என்றான்.

தெரிந்துமா தீயை அடித்தாய் என்று கேட்டேன்.

"உன் காடி டா. எரியட்டும்னு பாத்துக்கிட்டு நிக்கிறதா?"

பிறகு ஏன் மூட்டுமேல் பழியைப் போட்டுக்கொண்டாய் என்று கேட்டேன். உறையின் விளிம்பை இடது கையால் இழுத்து விட்டுக்கொண்டான்.

"சபீராவுக்குத் தெரிஞ்சா உன்ன இந்தக் கடைக்குள்ள விடமாட்டா. எனக்கு இருக்கிறது நீ ஒருத்தன். நீயும் வராட்டி நான் யார்கிட்ட பேசுவேன்?"

அவளிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டான். கோபம் இல்லையா என்று கேட்டேன். இருக்கு, ஆனா முடியல, கை வலிக்குது என்றான். சிரித்தான். நான் அழுதேன். அவன் இடது கையால் என் முதுகில் தட்டினான். அது இன்னும் மோசமாக இருந்தது.

ஜூலை 30, புதன்

மில். லீவு முடிந்தது. ஸ்டீம் லைனில் ஒரு கேஸ்கெட் மாற்றினேன். மூன்று முறை பார்த்தேன். ஃபோர்மேன் கேலி செய்தார்.

ஜெயாவிடம் சொன்னேன், ஜமாலுக்குத் தெரியும் என்றும், சபீராவிடம் சொல்லக் கூடாது என்று வாக்கு வாங்கினான் என்றும். கொஞ்சம் முகம் இளகியது. அவர் சொன்ன மாதிரியே விட்ருங்க என்றாள். நல்ல மனுஷன் என்றாள். என்னைச் சொல்லவில்லை.

குளியலறைக் குழாயை இன்று சரிசெய்தேன்.

ஆகஸ்ட் 2, சனி

எழுதுவதற்கே கூசுகிறது.

கடையில் கூட்டம் குறைந்த நேரம். ஜமால் மேலே தூங்கிக்கொண்டிருந்தான். மாத்திரைத் தூக்கம். நான் கண்ணாடித் தம்ளர்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சபீரா கல்லாவை விட்டு எழுந்து வந்து எதிரில் உட்கார்ந்தாள். தரங்கம்பாடியில் இருக்கும் அவள் தம்பி வந்து உதவட்டுமா என்று கூடக் கேட்கவில்லையாம். ஜமாலின் அண்ணன் ஒரே ஒரு நாள் வந்து, ஒரு தே குடித்துவிட்டுப் போனாராம்.

"நீங்க இல்லேன்னா நான் கடைய மூடியிருப்பேன், அண்ணே. ஒவ்வொரு தொழுகையிலயும் உங்களுக்குத்தான் துவா கேக்குறேன்."

தம்ளரைக் கீழே வைத்தேன். எனக்கு துவா கேட்காதே என்றேன். ஏன் என்றாள். சொல்லிவிட்டேன்.

ஜமாலிடம் கொடுத்த வாக்கு அந்த நேரத்தில் ஞாபகத்தில் இருந்தது. மறந்துபோய்ச் சொல்லவில்லை. அவள் நன்றி சொல்வதை நிறுத்த வேண்டும், அவ்வளவுதான் தோன்றியது. சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசானது. உண்மை அது. ஒரு நிமிடம் போல எனக்கு நன்றாக இருந்தது.

பிறகு அவள் முகத்தைப் பார்த்தேன்.

கத்தவில்லை. ஒரே ஒரு கேள்வி.

"அவருக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன். அப்போதுதான் அவள் முகம் மாறியது. ஹோஸைச் சொன்னபோது கூட அப்படி மாறவில்லை. எழுந்து, ஈரத் துணியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, படியேறிப் போனாள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஜமால் போன். வரச் சொல்லவில்லை. குரல் தணிவு.

நேற்று ராத்திரி வரை சபீரா அவனிடம் பேசவில்லையாம். ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்துகொண்டு என்னிடம் பொய் சொன்னீர்கள், உங்களுக்கு மருந்து தடவியது நான், சோறு ஊட்டியது நான், ஆனால் உங்களுக்குப் பெரிது உங்கள் சிநேகிதர்தான் என்று ஒரே ஒரு முறை சொல்லிவிட்டு, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். கடை பூட்டு.

நான் மன்னித்துக்கொள் என்றேன். அவன் என்னை நிறுத்தினான்.

"பைப்புக்கு நான் கோவப்படல குணா. அவசரம், தப்பு பண்ணிட்ட. இது அப்படி இல்ல. உன் பாரம் எறங்கணும்னு என் வீட்டுல கொண்டாந்து எறக்கி வெச்சிட்ட."

அவனே போனை வைத்துவிட்டான்.

உண்மையைச் சொன்னால் நல்லவன் ஆகிவிடலாம் என்று நினைத்தேன். யாருக்காகச் சொன்னேன். அவளுக்காக இல்லை. அவள் கேட்கவே இல்லையே.

ஜெயா மட்டும் என் பக்கம் கொஞ்சம் நின்றாள். எப்படியும் ஒரு நாள் தெரிந்திருக்கும், அப்போது இன்னும் மோசமாகியிருக்கும் என்றாள். இருக்கலாம். நாள் பார்த்து ஜமாலே அவளிடம் சொல்லியிருப்பான். அந்த வாய்ப்பை நான் பிடுங்கிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 9, சனி

வெயில். தூரத்தில் எங்கேயோ எரிக்கிறார்கள், வானம் சாம்பல்.

டர்போவைக் கழற்றினேன். மேனிஃபோல்ட், இன்டர்கூலர், எல்லாம். காலையிலிருந்து சாயங்காலம் வரை தனியாக. போட்டபோது இரண்டு பேர், பேச்சும் சிரிப்புமாக. கழற்றும்போது ஸ்பேனர் சத்தம் மட்டும். ஒவ்வொரு போல்ட்டிலும் அவன் கோடு.

டர்போ இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. விரலால் சுற்றினால் சுற்றுகிறது. தவுக்கே பொய் சொல்லவில்லை. இரண்டு பேரும் செய்த வேலையில் குறை ஒன்றும் இல்லை. குழாய் மட்டும் சரியாகப் போட்டிருந்தால் அந்த ஏற்றத்தில் இன்னும் எத்தனை வருடமும் ஏறியிருக்கும். ஜமாலும் ஒரு நாள் அதில் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டியிருப்பான். மலிவாகச் செய்ததால் எரியவில்லை. நல்ல குழாய் வீட்டிலேயே இருந்தது.

காரை பொட்டோங் கடைக்கே கொடுத்துவிடுகிறேன். மச்சான் ரகு போன் செய்து, அடடா, எவ்வளவு அருமையான வண்டி என்றார். அவருக்கு ஒன்றும் தெரியாது. ஜெயா சொல்லவில்லை.

ஆகஸ்ட் 16, சனி

சபீரா திரும்பிவிட்டாளாம். ஜெயா காய் வாங்கப் போன பாசாரில் கேள்விப்பட்டாள். கடை திறந்திருக்கிறது.

போகலாமா என்று கேட்டேன். ஜெயா தெரியவில்லை என்றாள். போகவில்லை.

ஜமாலுக்கு போன் செய்தேன். எடுக்கவில்லை. பிறகு மெசேஜ்: கை பயிற்சிக்குப் போறேன், அப்புறம் பேசலாம். அதற்கு நான் என்ன எழுதுவது என்று தெரியாமல், சரி என்று மட்டும் அனுப்பினேன்.

பிரஷர் ஏறியிருக்கிறது. மாத்திரையைக் கூட்டியிருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 30, சனி

இரவெல்லாம் மழை, விடிந்ததும் விட்டது. பைக்கில் ஜெராம். ஜெயாதான் போங்க என்றாள்.

கடையில் நான்கு மேசையில் ஆட்கள். கதவருகே உட்கார்ந்தேன், வழக்கமாக உட்காரும் இடம் இல்லை. உள்ளே போய் தம்ளர் எடுக்கவும் இல்லை. சபீரா வந்தாள்.

"என்ன வேணும்?"

தே தாரே ஒன்று என்றேன். அவள் கேட்டது மற்ற மேசைகளில் கேட்கிற அதே குரலில். அண்ணே இல்லை.

ரொட்டிக்கல் பற்ற வைத்திருந்தார்கள். முன்னால் ஜமால். இடது கையால் மாவைத் தட்டிப் பரப்பிக்கொண்டிருந்தான். வலது கை உறையோடு ஓரத்தைப் பிடித்துக்கொள்கிறது. வீசவில்லை. சப்பாத்தி போல் தட்டித்தான் போடுகிறான். ஒரு பக்கம் கிழிந்தது. மடித்து மறைத்துக் கல்லில் போட்டான். நிமிர்ந்தவன் என்னைப் பார்த்தான்.

"ரொட்டி இன்னும் சரியா வரல," என்றான், அங்கிருந்தே.

"வந்தது போதும். ஒண்ணு போடு," என்றேன்.

அவன் ஒரு மாவு உருண்டையை எடுத்தான்.

சபீரா கொண்டுவந்து வைத்தாள். ஒரு ஓரம் தடிப்பு, நடுவில் வேகவில்லை. முழுவதும் சாப்பிட்டேன். எழுந்து கல்லாவில் காசை நீட்டினேன். இத்தனை வருடத்தில் இந்தக் கடையில் என்னிடம் காசு வாங்கியதில்லை. வாங்கிக்கொண்டாள். மீதிச் சில்லறையைக் கையில் தரவில்லை. மேசையில் வைத்தாள்.